லைக் வேறுங்க, கல்லா வேறுங்க

இப்போதெல்லாம் கோவையில் யாராவது கடை திறந்தால், குத்துவிளக்கு ஏற்றுகிறார்களோ இல்லையோ, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்துவிடுகிறார்கள். ஆர்.எஸ்.புரத்தில் பொட்டிக், காந்திபுரத்தில் மெஸ், சரவணம்பட்டியில் ஜிம், திருப்பூரில் பனியன் ஹோல்சேல் என்று எல்லோருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் "பேஜ் எப்படிங்க போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். "பத்தாயிரம் ஃபாலோயர்ஸ் தாண்டியாச்சுங்க" என்று பெருமையாகப் பதில் வரும். "அதனால வியாபாரம் எவ்வளவு கூடுச்சுங்க?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் முகம் கொஞ்சம் மாறும். "அது... பேரு பரவுதுல்லங்க" என்று இழுப்பார்கள்.

கொங்கு நாட்டு வியாபாரிகளைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நூல் விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் அன்றைக்குத் தூக்கம் வராது. ஈரோட்டு மார்க்கெட்டில் மஞ்சள் வாங்குகிறவர் கிழங்கை உடைத்து உள்நிறம் பார்க்காமல் விலை பேச மாட்டார். அப்படிப்பட்ட ஊரில், மாதாமாதம் பணம் கொடுத்து நடத்தும் ஒரு காரியத்தை மட்டும் உடைத்துப் பார்க்காமலே வாங்கிக்கொண்டிருக்கிறோம். வணிகவியல் படிக்கிற மாணவன் என்ற முறையில் இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கடையின் சமூக வலைத்தள இருப்பு என்பது அந்தக் கடை என்ன போடுகிறது என்பதில் இல்லை. தேடி வருபவருக்கு என்ன கிடைக்கிறது, கேட்பவருக்கு என்ன பதில் வருகிறது, கடைக்காரர் இல்லாத இடத்தில் ஊர் என்ன பேசுகிறது. இந்த மூன்றும்தான் இருப்பு. ஃபாலோயர் எண்ணிக்கை, ரீல்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம்.

பன்னும் க்ரீமும், ஒரு ரூபாய் இட்லியும்

கோவையைப் பற்றி இணையத்தில் நாடே பேசிய இரண்டு சம்பவங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே சாப்பாட்டு விஷயம்.

முதலாவது 2024 செப்டம்பர் 11 அன்று நடந்தது. கொடிசியாவில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தொழில்முனைவோர்களைச் சந்தித்தார். ஸ்ரீ அன்னபூர்ணா ஹோட்டல் குழுமத்தின் சீனிவாசன் எழுந்து, ஜி.எஸ்.டி. குழப்பத்தைத் தனக்கே உரிய நகைச்சுவையோடு சொன்னார். வெறும் பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் க்ரீம் வைத்தால் 18 சதவீத வரி, அதனால் வாடிக்கையாளர் க்ரீமையும் பன்னையும் தனித்தனியாகக் கேட்கிறார் என்பதுதான் அதன் சாரம். கூட்டத்தில் சிரிப்பு. அந்தச் சின்ன வீடியோ துண்டு சில மணி நேரத்தில் எல்லோர் போனிலும் ஓடியது. அடுத்து அவர் அமைச்சரைத் தனியாகச் சந்தித்து வருத்தம் தெரிவித்த வீடியோவும் வெளியே வந்தது. அரசியல் சண்டையாக மாறியது. தனிப்பட்ட சந்திப்பின் வீடியோவைத் தங்கள் கட்சியினர் பகிர்ந்ததற்காக அப்போதைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை மன்னிப்புக் கேட்டார். (2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி வகைகளுக்கு வரி 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இந்த வீடியோதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை!)

அரசியலை விடுங்கள். ஒரு வியாபாரத்தின் கண்ணால் பாருங்கள். அந்த வீடியோவை எடுத்தது ஹோட்டல் இல்லை. எடிட் செய்தது ஹோட்டல் இல்லை. பரப்பியதும் ஹோட்டல் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க நாடு பேசியது அந்த ஹோட்டலின் பெயரை. அப்போது எத்தனையோ பேர் அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி சாப்பிட்ட கதையைத் தாங்களாகவே எழுதினார்கள். யாரும் காசு கொடுத்து எழுதச் சொல்லவில்லை. பல வருடங்களாக ஊற்றிய சாம்பார் அன்றைக்குப் பேசியது.

இரண்டாவது சம்பவம் 2019ல். கோவைக்கு மேற்கே ஆலாந்துறை பக்கம் வடிவேலாம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி விறகடுப்பில் இட்லி சுட்டு, ஒன்று ஒரு ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். பாட்டியின் வீடியோ பரவியது. அந்தச் செப்டம்பரில் ஆனந்த் மஹிந்திரா அதை ட்விட்டரில் பகிர்ந்து, பாட்டிக்கு கேஸ் அடுப்பு வாங்கித் தர விரும்புவதாக எழுதினார். கேஸ் இணைப்பு கிடைத்தது. பிறகு 2022 அன்னையர் தினத்தன்று மஹிந்திரா தரப்பில் கட்டிக் கொடுத்த வீடும் கிடைத்தது. பாட்டிக்கு இன்ஸ்டாகிராமும் தெரியாது, ஹேஷ்டேக்கும் தெரியாது. காலையில் எழுந்து மாவை எடுப்பது தெரியும், விலையை ஏற்றாமல் இருப்பது தெரியும்.

"அப்படின்னா பேஜே வேண்டாம்ங்கறயா?" என்று கேட்பீர்கள். இல்லைங்க. அன்னபூர்ணாவும் கமலாத்தாளும் லட்சத்தில் ஒன்று. நாளைக்கே உங்கள் கடை வீடியோ வைரல் ஆகும் என்று காத்திருப்பது, லாட்டரிச் சீட்டை நம்பி மில்லைக் கட்டுவது மாதிரி. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐநூறு இட்லி சுடும் இடத்துக்கு ஐயாயிரம் பேர் வந்து நின்றால் அது வியாபாரம் இல்லை, தள்ளுமுள்ளு. வந்தவர்களில் பாதிப் பேர் பசியோடு திரும்பிப் போய் மோசமான ரிவ்யூ எழுதுவார்கள்.

இந்தச் சம்பவங்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. நம்மைப் பற்றி மற்றவர்கள் பேசுவதுதான் பெரிய சத்தம், நாம் போடும் போஸ்ட் சின்னச் சத்தம். அந்தப் பெரிய சத்தத்தைக் கேட்டு யாராவது நம்மைத் தேடினால், அவர் கையில் சரியான முகவரியும் சரியான பதிலும் கிடைக்க வேண்டும். பக்கத்தின் வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

ஃபாலோயர் கணக்கு

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு துணிக்கடைப் பக்கத்துக்கு 20,000 ஃபாலோயர்கள் என்று வையுங்கள். ஒரு போஸ்டுக்குச் சராசரியாக 40 லைக். அதாவது 500 பேரில் ஒருவர். மற்ற 499 பேர் எங்கே? சிலர் மறந்துபோனவர்கள். சிலர் "ஃபாலோ பண்ணினால் பரிசு" என்று அறிவித்தபோது வந்துவிட்டுப் போனவர்கள். சிலர் காசுக்கு வாங்கப்பட்ட பொய்க் கணக்குகள். கோவைக் கடைக்கு வெளிநாட்டிலிருந்து திடீரென்று ஆயிரம் ரசிகர்கள் வந்தால் சந்தேகப்பட வேண்டாமா? இன்ஸ்டாகிராமில் வியாபாரக் கணக்காக மாற்றிக்கொண்டால், பின்தொடர்பவர்கள் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று அதுவே காட்டும். பக்கம் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் அந்த ஒரு திரையைக் காட்டச் சொல்லுங்கள். காந்திபுரத்தில் அறுபது பேர் உட்காரும் மெஸ்ஸுக்கு, கோவைக்காரர்கள் இரண்டாயிரம் பேர் இருந்தால் அது சொத்து. நாடு முழுக்க இரண்டு லட்சம் பேர் இருந்தால் அது வெறும் சுவரொட்டி.

ரிவ்யூ விஷயமும் இப்படித்தான். திடீரென்று ஒரே நாளில் இருபது ஐந்து நட்சத்திரங்கள், எல்லாவற்றிலும் "நைஸ் பிளேஸ், குட் சர்வீஸ்" என்ற ஒரே வாசகம். இதை நம்புகிற அளவுக்கு நம்ம ஊர் ஆட்கள் ஏமாளிகள் இல்லை. இணைய ரிவ்யூக்களை எப்படிச் சேகரித்து வெளியிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரமே கொண்டுவந்தது. கட்டாயம் இல்லை என்றாலும் திசை எந்தப் பக்கம் என்று தெரிகிறதல்லவா? காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. ஓசிச் சாப்பாடு போட்டு ஃபுட் ரிவ்யூ எடுக்கும் ஹோட்டல்காரர்கள் இதைக் கொஞ்சம் படித்து வைப்பது நல்லது.

அரை நாள் போதும்

சரி, எதைத்தான் அளப்பது? பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். அரை நாளும் ஒரு நோட்டும் போதும்.

ஒன்று, தேடிப் பாருங்கள். உங்கள் போனில் வேண்டாம், அது ஏற்கெனவே உங்கள் கடையை அறிந்த போன். கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரின் போனை வாங்கித் தேடுங்கள். கடையின் பெயரைப் போடாமல் பொருளைப் போட்டுத் தேடுங்கள். "கிரைண்டர் சர்வீஸ் பீளமேடு" என்று தமிழிலும் போடுங்கள், ஆங்கில எழுத்திலும் போடுங்கள். உங்கள் கடை வருகிறதா?

இரண்டு, வந்தது சரியா? திறக்கும் நேரம், போன் நம்பர், கூகுள் மேப்பில் குறி விழும் இடம், விடுமுறை நாள். ஆயுத பூஜையன்று பூட்டிய கடையை மேப் "திறந்திருக்கிறது" என்று காட்டினால், பல்லடத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர் உங்களைத் திட்டாமல் யாரைத் திட்டுவார்? இந்த விவரங்களைத் திருத்த ஒரு பைசா செலவு இல்லை. கூகுளில் கடையை உரிமை கோரிப் பதிவு செய்துகொண்டால் நீங்களே மாற்றலாம். எத்தனை பேர் அதிலிருந்து போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற கணக்கும் அதிலேயே கிடைக்கும். என்னைக் கேட்டால் ரீல்ஸ் வியூவை விட இந்த எண்ணிக்கைக்கு மதிப்பு அதிகம்.

மூன்று, வாடிக்கையாளராகக் கேள்வி கேளுங்கள். நண்பர் நம்பரிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு ஒரு விலை கேட்டு மெசேஜ் அனுப்புங்கள். பதில் எத்தனை நிமிடத்தில் வருகிறது, என்ன மரியாதையில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குள் வந்தவரை "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா" என்று கேட்கும் ஊர் இது. அதே ஆளை வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக்கோடு நிற்க வைப்பது எந்த ஊர் மரியாதை?

நான்கு, கடைசி இருபது போஸ்டுகளைப் பிரித்து வையுங்கள். பண்டிகை வாழ்த்து எத்தனை, முதலாளி படம் எத்தனை, பொருளைப் பற்றி எத்தனை, வாங்கியவர் சொன்னது எத்தனை. பெரும்பாலான பக்கங்களில் முதல் இரண்டு கட்டும்தான் உயரமாக இருக்கும். பொங்கல் வாழ்த்து சொல்வது தப்பில்லை. ஆனால் வருடம் முழுக்க வாழ்த்து மட்டும் சொல்வதற்குப் பெயர் கடை இல்லை, காலண்டர்.

ஐந்து, ஒற்றை நட்சத்திர ரிவ்யூக்களை மட்டும் படியுங்கள். நல்லதைப் படித்தால் சந்தோஷம், கெட்டதைப் படித்தால் லாபம். அதற்குக் கடை பதில் சொல்லியிருக்கிறதா? "நீ வேற கடைக்காரன் அனுப்பிய ஆள்" என்று சண்டை போட்டிருக்கிறதா? புதிதாக வருகிறவர் புகாரைவிடக் கடைக்காரரின் பதிலைத்தான் உற்றுப் படிக்கிறார்.

இதோடு ஒரு மாதம் கல்லாவில் ஒரு வேலை. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு நோட்டில் ஒரு கோடு போடுங்கள். பழகியவர் சொல்லி, வழியில் போர்டு பார்த்து, கூகுளில் தேடி, இன்ஸ்டா பார்த்து. நாலே நாலு கட்டம். பக்கத்துக்கு மாதம் 12,000 ரூபாய் செலவு, அதைப் பார்த்து வந்த புது வாடிக்கையாளர் 30 பேர் என்றால், ஒரு ஆளைக் கொண்டுவர 400 ரூபாய். ஒரு முறை வாங்கினால் 150 ரூபாய் நிற்கும் என்றால், அவர் மூன்று முறை வந்தால்தான் கட்டும். மூன்று முறை வருவாரா? அதை முடிவு செய்வது ரீல்ஸ் இல்லை, கடை. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு பக்கத்துக்கு இன்னும் செலவு செய்யலாமா, நிறுத்தலாமா என்று முடிவு செய்யுங்கள்.

"விலைக்கு டி.எம். பண்ணுங்க"

இப்போது சரி செய்வதைப் பற்றி. முதலில் ஒழிக்க வேண்டியது இந்த ஒரு வாசகம். புடவை படம் அழகாக இருக்கும், கீழே நூறு பேர் "விலை?" என்று கேட்டிருப்பார்கள், எல்லோருக்கும் ஒரே பதில், "டி.எம். பண்ணுங்க". போட்டிக் கடைக்காரருக்கு விலை தெரிந்துவிடும் என்று பயமாம். போட்டிக் கடைக்காரர் ஒரு டி.எம். அனுப்பித் தெரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஒளித்து வைப்பதால் ஓடிப் போவது கூச்சப்படும் வாடிக்கையாளர்தான். நம்ம பக்கத்துப் பெண்கள் பலர் முகம் தெரியாத கடைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பவே யோசிப்பார்கள். ஆளுக்கு ஆள் ஒரு விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகமும் வரும். விலையைப் போடுங்கள். மொத்த விலை ஆர்டருக்கு ஏற்ப மாறும் என்றால் "இத்தனை ரூபாயிலிருந்து" என்று போடுங்கள்.

இரண்டாவது மொழி. கடைக்குள் "ஏனுங்க, என்ன வேணுங்க" என்கிறோம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் யாருக்கும் புரியாத ஆங்கிலம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 2018ல் வில்லேஜ் குக்கிங் சேனல் தொடங்கிய தாத்தாவும் பேரன்களும் தங்கள் ஊர்ப் பேச்சை மாற்றிக்கொள்ளவே இல்லை. வயலில் அடுப்பு மூட்டி, சாமான்களின் பெயரைத் தமிழில் உரக்கச் சொல்லிச் சமைத்தார்கள். 2021ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுதான். தமிழில் பேசினால் எடுபடாது என்று இனியும் யாராவது சொன்னால் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள்.

மூன்றாவது, "என்ன போடறதுன்னே தெரியலைங்க" என்ற புலம்பல். இதற்கு விடை உங்கள் கல்லா மேஜையிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் தினமும் கேட்கும் கேள்விகளை எழுதி வையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிமிட வீடியோ. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதைச் செய்யும் சிறு பட்டறைக்காரர் எதைப் போடலாம்? பெல்ட் நழுவினால் என்ன செய்வது, கல் தேய்ந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, மாவு சூடாவது ஏன், புது கிரைண்டரை முதல் நாள் எப்படிக் கழுவுவது. இதைப் பார்ப்பவர் சினிமாப் பாட்டுக்கு ஆடும் ரீல்ஸ் பார்ப்பவரைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் பார்க்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் கிரைண்டர் இருக்கும், அல்லது வாங்கப் போகிறார்.

நான்காவது, புகார். பதில் சுருக்கமாக, மரியாதையாக, ஒரு நாளைக்குள் இருக்க வேண்டும். என்ன நடந்தது, என்ன செய்கிறோம், யாரைக் கூப்பிடலாம். இவ்வளவு போதும். கடையின் மேல் தப்பு இருந்தால் எல்லோருக்கும் தெரியும்படி ஒப்புக்கொள்வதில் கௌரவம் குறையாது. இந்தப் பதிலைச் சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்சிப் பையன் எழுத முடியாது. படம் எடுக்க, எடிட் செய்ய ஆள் வைத்துக்கொள்ளுங்கள், அது தனித் திறமை. பதில் சொல்லும் வேலையை மட்டும் கடையில் இருப்பவரே செய்ய வேண்டும்.

பவானிக்கு இது வெறும் விளம்பரம் இல்லை

இதெல்லாம் நாலு புடவை கூடக் குறைய விற்கும் விஷயம்தானே என்று நினைப்பவர்கள் ஒரு முறை பவானியை யோசித்துப் பாருங்கள். காவிரியும் பவானியும் கூடும் அந்த ஊரின் ஜமக்காளம் 2005-06லேயே புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறிக்கென்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒதுக்கப்பட்ட 11 ரகங்களில் ஜமக்காளமும் உண்டு. கல்யாணம், காதுகுத்து, ஊர்க்கூட்டம் எதுவாக இருந்தாலும் நம் வீடுகளில் முதலில் விரிப்பது அதைத்தான். ஆனால் சோலாப்பூரிலிருந்து வரும் மலிவான விரிப்புகள் பவானியின் பெயரிலேயே விற்கப்படுகின்றன என்று நெசவாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

வாங்குபவர் வேண்டுமென்றே போலியை வாங்குவதில்லை. அவர் போனில் "பவானி ஜமக்காளம்" என்று தேடுகிறார். யார் படம் முதலில் வருகிறதோ அதை வாங்குகிறார். தறியில் உட்கார்ந்திருக்கும் அசல்காரர் அந்தத் திரையில் இல்லை என்றால், சட்டமும் குறியீடும் அவருக்கு என்ன செய்யும்? குழித்தறியில் கால் மிதிபடுவது, பட்டை பட்டையாக நிறம் மாறுவது, கைத்தறி முத்திரை எங்கே இருக்கும், கையில் பிடித்தால் கனம் எப்படி இருக்கும், ஒரு ஜமக்காளம் முடிய எத்தனை நாள், அதனால் விலை ஏன் இவ்வளவு. இதை ஒரு கூட்டுறவுச் சங்கம் தமிழில் நிதானமாகக் காட்டினால், அது விளம்பரம் இல்லை, அடையாளச் சான்று. அசலும் போலியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஒரு படம் பத்து மேடைப் பேச்சுக்குச் சமம்.

திருப்பூரும் இதில் யோசிக்க நிறைய இருக்கிறது. அங்கே தைக்கும் சட்டையில் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர் பெயர்தான் இருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஊரே ஆடிப்போனது. சொந்தப் பெயர் இருந்திருந்தால் வரி வராமல் இருந்திருக்காது, உண்மைதான். ஆனால் வேறு பக்கம் திரும்பி விற்க, அந்தப் பெயர் ஒரு கைப்பிடியாக இருந்திருக்கும். அதே ஊரில் 1983ல் தொடங்கிய ராம்ராஜ் காட்டன், வேட்டி போன்ற பழைய பொருளுக்கே ஒரு பெயரையும் கௌரவத்தையும் உண்டாக்கிக் காட்டியது. அதற்குப் பெரிய விளம்பரச் செலவு வேண்டியிருந்தது. இன்றைக்கு ஐம்பது மெஷின் வைத்திருப்பவர் தன் பெயரைச் சொல்ல ஆரம்பிக்க ஒரு போன் போதும். முழுதாகப் போதாது, ஆரம்பிக்கப் போதும்.

இது வாடகை வீடு

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் அதில் ஒன்று. அதை மட்டும் நம்பி லட்சக்கணக்கில் ரசிகர்களைச் சேர்த்து வைத்தவர்களுக்கு, மறுநாள் அந்த வீடே இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து பல மணி நேரம் படுத்துவிட்டன. மூன்றிலும் ஆர்டர் எடுப்பவர்கள் அன்றைக்குக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு அழகாக அலங்கரித்தாலும் அது வாடகை வீடுதான், வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் பூட்டலாம். அதனால் வாடிக்கையாளர் சம்மதத்தோடு அவர்கள் பெயரையும் நம்பரையும் உங்கள் சொந்த நோட்டில் வைத்திருங்கள். முடிந்தால் சின்னதாக ஒரு சொந்த இணையதளம்.

"எங்க அப்பாரு காலத்துல இருந்து பேஜ் இல்லாமத்தான் நடக்குது" என்று சொல்லும் பெரிய கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம். அப்பாரு காலத்திலும் இருப்பு இருந்தது. அது சந்தையில், கல்யாண வீட்டில், டீக்கடை பெஞ்சில் இருந்தது. "அந்தக் கடைக்குப் போங்க, ஏமாத்த மாட்டாங்க" என்று ஒருவர் சொன்ன சொல்தான் அது. இப்போது அந்த பெஞ்ச் போனுக்குள் வந்துவிட்டது. பெஞ்ச் மாறியதே தவிர, பேசப்படும் விஷயம் மாறவில்லை. பொருள் எப்படி, விலை நியாயமா, கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்வார்களா?

இந்த மூன்றும் சரியாக இருக்கும் கடைக்கு நூறு ஃபாலோயர் போதும். சரியில்லாத கடைக்கு லட்சம் ஃபாலோயர் வந்தால், கெட்ட பெயர் வேகமாகப் பரவும், அவ்வளவுதான். எனவே அடுத்த மாதம் பக்கம் நடத்துபவர் ரிப்போர்ட் கொண்டுவந்து நீட்டும்போது, லைக் எத்தனை என்று கேட்காதீர்கள். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குப் பதில் சொன்னோம், எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்று கேளுங்கள். மஞ்சளை உடைத்துப் பார்த்து வாங்கும் ஊருங்க இது. இதையும் ஒரு தடவை உடைத்துத்தான் பார்ப்போமே!